மனச்சிதைவும் பதற்றமும்: ஒரே ஆய்வாளர் இரண்டையும் ஏன் கையில் எடுக்கிறார்?

ஒரு மனநல ஆய்வாளரைப் பற்றிச் செய்தி வருகிறது. விருது வாங்கியிருப்பார், இல்லையென்றால் புது மருந்துச் சோதனையின் முடிவை வெளியிட்டிருப்பார். அறிமுக வரியில் 'மனச்சிதைவு நோய், பதற்றக் கோளாறுகள் ஆகியவற்றில் ஆய்வு செய்பவர்' என்று போட்டிருக்கும். படிப்பவருக்கு அங்கேயே இடறும். முன்னது, யாருக்கும் கேட்காத குரல் ஒருவருக்கு மட்டும் கேட்பது. பின்னது, மேடை ஏறுவதற்கு முன் நெஞ்சு படபடப்பதன் பெரிய அண்ணன். இரண்டுக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு?

உறவு இருக்கிறது. சுற்றி நடக்கும் ஆயிரம் விஷயங்களில் எது முக்கியம், எது ஆபத்து என்று மூளை நொடிக்கு நொடி தரம் பிரிக்கிறது. அந்த வேலையில் விழும் பிசகைத்தான் இரண்டு துறையினரும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மருந்துகள் வேறு, நோய்களின் போக்கு வேறு, பதற்றம் முற்றினால் மனச்சிதைவு ஆகிவிடும் என்பதும் இல்லை. கேள்வி மட்டும் பொது.

## பெயர்களைச் சரிசெய்துகொள்வோம்

ஸ்கிசோஃப்ரினியா என்ற சொல்லை 1908-இல் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் அறிமுகப்படுத்தினார். கிரேக்கத்தில் 'பிளவு', 'மனம்' என்ற இரு சொற்களின் சேர்க்கை. நல்ல நோக்கத்தோடு வைத்த பெயர்தான், ஆனால் விளைவு மோசம். ஒரே உடலில் இரண்டு ஆட்கள் இருப்பதுபோலப் பலரும் புரிந்துகொண்டார்கள். அது முற்றிலும் வேறு கோளாறு. பிளாய்லர் சொல்ல வந்தது, எண்ணமும் உணர்ச்சியும் செயலும் ஒன்றோடொன்று இழை பிரிந்துபோகின்றன என்பதை. தமிழில் 'மனச்சிதைவு' என்பது அந்தப் பொருளுக்கு ஓரளவு நெருக்கம்.

அறிகுறிகள் மூன்று கட்டாக வரும்:

1. புதிதாகச் சேர்பவை. காதில் குரல் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்பது போன்ற அசைக்க முடியாத பிறழ் நம்பிக்கைகள். இவற்றை 'நேர்மறை அறிகுறிகள்' என்பார்கள். நல்லவை என்று அர்த்தமில்லை, முன்பு இல்லாதது வந்து சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.
2. இருந்து குறைபவை. பேச்சு சுருங்கும், முகபாவம் மங்கும், எதிலும் முனைப்பு இருக்காது. இவை 'எதிர்மறை அறிகுறிகள்'. வீட்டார் இதைச் சோம்பல் என்றே பெரும்பாலும் நினைத்துவிடுகிறார்கள்.
3. சிந்தனைத் திறனில் தளர்ச்சி. கவனம் நிற்காது, இப்போது கேட்டதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த வேலையைச் செய்வது கடினம்.

இப்போதுள்ள மருந்துகள் முதல் கட்டில்தான் நன்றாக வேலை செய்கின்றன. ஒருவர் வேலைக்குப் போக முடியுமா, நட்பைத் தக்கவைக்க முடியுமா என்பதைத் தீர்மானிப்பது அதிகமும் மற்ற இரண்டு. செய்திகளில் குரல்களுக்குக் கிடைக்கும் இடம் இவற்றுக்குக் கிடைப்பதில்லை.

சரி, பதற்றக் கோளாறு? எதிரே நாய் நிற்கும்போது வருவது பயம். தெருமுனை திரும்பினால் நாய் நிற்குமோ என்று வருவது பதற்றம். அது எல்லோருக்கும் உண்டு, இருக்கவும் வேண்டும். தெருமுனையையே தவிர்த்து, பிறகு தெருவையே தவிர்த்து, கடைசியில் வாசற்படியைத் தாண்டாத நிலை வரும்போது கோளாறு. இதில் பல வகை: எதைப் பற்றியும் மாதக்கணக்கில் ஓயாத கவலை, பிறர் முன்னிலையில் கூனிக்குறுகும் சமூகப் பதற்றம், குறிப்பிட்ட பொருள் மீதான அச்சம், காரணமே இல்லாமல் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொடும் பீதித் தாக்குதல். எண்ணச் சுழற்சி நோயும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலும் முன்பு இந்தக் குடும்பத்தில்தான் இருந்தன. 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு அவற்றைத் தனித்தனி வீட்டில் குடிவைத்தது.

எண்ணிக்கையில் இரண்டும் ஒரே தட்டில் நிற்காது. உலக சுகாதார அமைப்பின் கணக்கில் 2019-இல் பதற்றக் கோளாறு உள்ளவர்கள் 30.1 கோடி. மனச்சிதைவு உள்ளவர்கள் ஏறக்குறைய 2.4 கோடி.

## மருந்து முந்தியது, விளக்கம் பிந்தியது

இந்தத் துறையின் வரலாற்றில் ஒரு விசித்திரம்: நோயைப் புரிந்துகொண்டு யாரும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. மருந்து எதேச்சையாக அகப்பட்டது. அப்புறம் அந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு நோயை நோக்கிப் பின்னோக்கி நடந்தார்கள்.

ஒவ்வாமைக்கான மருந்துகளின் குடும்பத்தில் பிறந்த குளோர்ப்ரோமசின் 1950-இல் பிரான்சில் தயாரானது. அறுவை சிகிச்சைக்கு முன் கொடுத்துப் பார்த்த ஆன்ரி லபோரி என்ற மருத்துவர், நோயாளிகள் தூங்கிவிடாமலேயே எதையும் சட்டை செய்யாத அமைதிக்குப் போவதைக் கவனித்தார். 1952-இல் பாரிஸின் சாந்த்-ஆன் மருத்துவமனையில் ஜான் டிலேயும் பியர் டெனிக்கரும் மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். கொந்தளிப்பு அடங்கியது, குரல்களும் தணிந்தன. எப்படி என்பதற்கு அன்று யாரிடமும் பதில் இல்லை.

பதற்றத்தின் கதை இதைவிடச் சுவாரசியம். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் மனநல மருத்துவர் டொனால்ட் கிளைன் இமிப்ரமின் என்ற மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்த ஒரு நோயாளி, செத்துப்போகப் போகிறேன் என்று அலறியபடி செவிலியர் மேசைக்கு அடிக்கடி ஓடிவருவார். அவர்கள் உட்காரவைத்து ஆறுதல் சொல்ல, சற்று நேரத்தில் அடங்கும். மருந்து தொடங்கிச் சில வாரங்களுக்குப் பின் அவரைக் கேட்டால், பெரிய மாற்றமில்லை என்றார். மருத்துவர்களுக்கும் எதுவும் தெரியவில்லை. செவிலியர்கள்தான் கவனித்திருந்தார்கள்: அவர் இப்போதெல்லாம் மேசைக்கு ஓடிவருவதே இல்லை!

பீதி நின்றுவிட்டது. ஆனால் பீதி வந்துவிடுமோ என்ற காத்திருப்புப் பதற்றம் அப்படியே இருந்தது. அதனால்தான் அவருக்கே குணமானது தெரியவில்லை. அதுவரை ஒரே சரக்கின் கூடுதல், குறைவு என்று கருதப்பட்ட இரண்டும் தனித்தனிச் சரக்கு என்று கிளைன் முடிவுக்கு வந்தார். 1980-இல் வந்த அமெரிக்க வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பில் பீதிக் கோளாறு தனிப் பெயர் பெற்றது.

இப்படிப் பின்னோக்கி நடப்பதில் ஒரு குழி உண்டு. மாத்திரை போட்டால் காய்ச்சல் இறங்குகிறது, அதற்காக மாத்திரைக் குறைவால் காய்ச்சல் வந்தது என்று சொல்லிவிட முடியாது. 'மூளை ரசாயனச் சமநிலைக் குறைவு' என்று எளிதாகச் சொல்லப்படுவதில் இந்தக் குழி ஒளிந்திருக்கிறது.

## டோபமைன் உண்மையில் என்ன செய்கிறது?

1963-இல் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன், குளோர்ப்ரோமசின் வகை மருந்துகள் மூளைச் செல்களுக்கிடையே செய்தி கடத்தும் ரசாயனங்களில் ஒன்றான டோபமைனின் வேலையைத் தடுக்கலாம் என்று எலிகளில் செய்த சோதனைகளைக் கொண்டு சொன்னார். 1970-களில் வலுவான சான்று வந்தது. டோபமைனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் டி2 என்று ஒரு வகை. ஒரு மருந்து அதை எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறதோ, அவ்வளவு குறைந்த அளவு மருந்தே நோயாளிக்குப் போதுமாக இருந்தது. மறுபக்கம், டோபமைனைப் பெருக்கும் ஆம்ஃபிட்டமினை அளவுமீறி எடுத்தவர்களுக்கு மனச்சிதைவு போலவே சந்தேகமும் குரல்களும் வந்தன.

கதிரியக்கத் தடயப் பொருளைச் செலுத்தி உயிருள்ள மூளையைப் படமெடுக்கும் முறை வந்தபிறகு அளந்தே பார்த்தார்கள். டி2 ஏற்பிகளில் சுமார் 65 சதவீதம் மறைக்கப்பட்டால் பலருக்குப் பலன் தெரிகிறது. 80 சதவீதத்தை நெருங்கினால் கை நடுக்கம், உடல் விறைப்பு. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள ஒடுக்கமான சந்தில்தான் மருத்துவர் அளவை நிர்ணயிக்க வேண்டியிருக்கிறது.

குளோசபின் என்ற மனச்சிதைவு மருந்து இந்தக் கணக்கில் அடங்காது. அது டி2-ஐக் குறைவாகவே மறைக்கிறது, ஆனால் மற்ற மருந்துகளுக்கு மசியாதவர்களிடமும் வேலை செய்கிறது. 1988-இல் வெளியான ஆய்வில், அப்படிப்பட்டவர்களில் 30 சதவீதத்தினருக்குக் குளோசபின் பலன் தந்தது, குளோர்ப்ரோமசின் 4 சதவீதத்தினருக்கு. சிலருக்கு வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும் என்பதால் இரத்தப் பரிசோதனை கட்டாயம்.

ஆனால் டோபமைன் கூடினால் ஏன் 'பக்கத்து வீட்டார் என்னை வேவு பார்க்கிறார்கள்' என்று தோன்ற வேண்டும்? ரசாயனத்துக்கும் கதைக்கும் நடுவில் ஒரு பாலம் தேவை. 2003-இல் ஷிதிஜ் கபூர் முன்வைத்த விளக்கம் அதைத் தருகிறது. டோபமைனின் வேலைகளில் ஒன்று அடிக்கோடு போடுவது: 'இதைக் கவனி, இதில் ஏதோ இருக்கிறது' என்று. அந்தப் பேனா கண்டபடி ஓட ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நின்றிருக்கும் காரின் எண், எதிரே வருபவரின் இருமல், செய்தி வாசிப்பவரின் ஒரு இடைவெளி, எல்லாமே அடிக்கோட்டோடு வருகின்றன. இத்தனைக்கும் ஏதோ காரணம் இருந்தாக வேண்டுமே? மனம் காரணம் தேடுகிறது. கிடைக்கும் கதைதான் பிறழ் நம்பிக்கை.

சிகிச்சையில் கண்கூடாகத் தெரியும் ஒன்றை இது விளக்குகிறது. மருந்து பேனாவை நிறுத்தும், ஏற்கெனவே எழுதிய கதையை அழிக்காது. அதனால்தான் குணமாகிவரும் பலர், நம்பிக்கை பொய் என்று உடனே சொல்வதில்லை. அது முன்போலத் தொந்தரவு செய்யவில்லை என்கிறார்கள்.

## எதிர்பார்க்கும் மூளை

நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடியாது. கை எங்கே படப்போகிறது என்று மூளைக்கு முன்கூட்டியே தெரியும், அதனால் அந்த உணர்வின் ஒலியைக் குறைத்துவிடுகிறது. 2000-இல் சாரா-ஜெய்ன் பிளேக்மோரும் கிறிஸ் ஃப்ரித்தும் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. குரல் கேட்கும் நோயாளிகளுக்கும், பிறர் தம்மை இயக்குவதாக உணரும் நோயாளிகளுக்கும் தன் கை தொடுவதும் பிறர் கை தொடுவதும் ஏறக்குறைய ஒரே தீவிரத்தில் தெரிந்தன. 'இது நான் செய்தது' என்ற முத்திரை விழவில்லை. தன் மனதுக்குள் ஓடும் பேச்சுக்கும் அந்த முத்திரை விழாமல் போனால், அது வேறு யாரோ பேசுவதாகத்தானே கேட்கும்?

2017-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த சோதனை இன்னும் நுட்பமானது. ஒரு கட்டம்போட்ட படமும் மெல்லிய ஒலியும் சேர்ந்தே வரும். பலமுறை வந்தபின், படம் மட்டும் வரும், ஒலி வராது. ஒலி கேட்டதா என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லோருமே சில தடவை ஏமாந்தார்கள், நோயில்லாதவர்கள் உட்பட. அன்றாட வாழ்வில் குரல் கேட்பவர்களோ பல மடங்கு அதிகமாக ஏமாந்தார்கள், அதுவும் உறுதியோடு.

இந்தச் சோதனையின் எலும்புக்கூடு பாவ்லோவின் நாய்ச் சோதனையேதான். மணியும் உணவும் சேர்ந்தே வந்தால், மணி மட்டும் அடித்தாலும் எச்சில் ஊறும். பதற்ற ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக இதே எலும்புக்கூட்டை வைத்துத்தான் பயத்தைப் படிக்கிறார்கள். உணவுக்குப் பதில் லேசான மின்னதிர்ச்சி, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரே ஆய்வகத்தில் இரண்டு நோய்களும் வந்து உட்காருவதற்கு இந்தப் பொதுக் கருவி ஒரு முக்கியக் காரணம்.

## பயம் ஓரிடத்தில் இல்லை

மூளையின் அடியில் பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலாவைப் 'பயத்தின் மையம்' என்று எழுதாத கட்டுரை அரிது. அது சரியல்ல. அமிக்டலாவைப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவரான ஜோசஃப் லடூவே பிற்காலத்தில் இந்தச் சொல்லாட்சியை மறுத்தார். ஆபத்தைக் கண்டு உடலைத் தயார்செய்வது அமிக்டலா, 'நான் பயப்படுகிறேன்' என்ற உணர்வு அதற்கும் மேலான வேறு பல பகுதிகளின் கூட்டுவேலை என்றார்.

எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் பெண் ஒருவர் இதற்கு நல்ல சான்று. அரிய மரபு நோயால் அவருக்கு இருபக்க அமிக்டலாவும் அழிந்துவிட்டன. பாம்பைக் கையில் எடுத்தார், பேய்வீட்டுக் காட்சியில் சிரித்தார். ஆனால் 2013-இல் வெளியான ஆய்வில், 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றை ஒரே ஒரு மூச்சு இழுக்கச் செய்தார்கள். அவருக்குப் பீதி வந்துவிட்டது. அதே பாதிப்புள்ள வேறு இருவருக்கும் வந்தது. மூச்சுத்திணறல் என்ற உள்ளிருந்து வரும் அபாய மணிக்கு அமிக்டலா தேவைப்படவில்லை. பீதி தனி ரகம் என்று செவிலியர் மேசையிலிருந்து தெரிந்துகொண்டதற்கு அரை நூற்றாண்டு கழித்துக் கிடைத்த ஆதரவு இது.

பயம் எப்படிப் போகிறது என்பதும் நாம் நினைப்பதுபோல் இல்லை. அஞ்சும் பொருளை மீண்டும் மீண்டும் எதிர்கொண்டு, எதுவும் ஆகவில்லை என்று அனுபவிக்கும்போது பழைய பாடம் அழிவதில்லை. 'இங்கே ஆபத்தில்லை' என்ற புதுப் பாடம் அதன் மேல் எழுதப்படுகிறது. சிகிச்சை அறையில் போன பயம் வேறு இடத்தில் திரும்புவது இதனால்தான். எனவே பல இடங்களில், பல சூழல்களில் பழகவைப்பதே சரியான முறை. 1960-களில் புகழ்பெற்ற லிப்ரியம், வேலியம் வகை மாத்திரைகள் பதற்றத்தைச் சட்டென்று தணிக்கும். ஆனால் பழக்கமாகிவிடும் அபாயமும் உண்டு, புதுப் பாடத்தை எழுதவிடாமலும் செய்யக்கூடும்.

## செய்தியில் வரும் எண்களை எப்படிப் படிப்பது?

மனச்சிதைவு மருந்துச் சோதனைகளில் பான்ஸ் என்ற அளவுகோல் அடிக்கடி வரும். 30 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். கவனியுங்கள், பூஜ்யம் கிடையாது. எந்த அறிகுறியும் இல்லாதவருக்கும் 30 வரும். 90-இலிருந்து 60-க்கு இறங்கினால் மூன்றில் ஒரு பங்குதான் என்று தோன்றும், அடிப்படை 30-ஐக் கழித்துப் பார்த்தால் பாதி குறைந்திருக்கிறது.

2024 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சனோமெலின்-ட்ரோஸ்பியம் கூட்டு மருந்துக்கு ஒப்புதல் தந்தது. டி2 ஏற்பியை அடைக்காமல், அசிட்டைல்கோலின் என்ற வேறொரு மூளை ரசாயனத்தின் ஏற்பிகள் வழியாக வேலை செய்வதால் பெரிய செய்தி ஆனது. அதன் ஐந்து வாரச் சோதனை ஒன்றில் மருந்து எடுத்தவர்களுக்கு 21.2 புள்ளி குறைந்தது. போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் 11.6 புள்ளி குறைந்தது! ஆக மருந்தின் சொந்தச் சம்பாத்தியம் 9.6 புள்ளி. நல்ல பலன்தான், ஆனால் 21 என்ற தலைப்பு எண் வேறு கதை சொல்கிறது. இதே அசிட்டைல்கோலின் வழியில் வந்த எம்ராக்ளிடின் என்ற இன்னொரு மருந்து 2024 நவம்பரில் போலி மாத்திரையை வெல்ல முடியாமல் தோற்றது.

இன்னொரு விவரம். பான்ஸின் 30 கேள்விகளில் 'பதற்றம்' என்பதும் ஒன்று. மனச்சிதைவை அளக்கும் பட்டியலிலேயே பதற்றத்துக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள்.

## இரண்டும் ஒரே ஆளிடம் சந்திக்கும்போது

1. சேர்ந்தே வருகின்றன. பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில் மனச்சிதைவு உள்ளவர்களில் ஏறக்குறைய 15 சதவீதத்தினருக்குச் சமூகப் பதற்றமும், 10 சதவீதத்தினருக்குப் பீதிக் கோளாறும் இருந்தன. பெரிய நோயின் நிழலில் இவை கண்ணில் படாமல் போவது சகஜம். வீட்டைவிட்டு வராததை எதிர்மறை அறிகுறி என்று எழுதிவிடுவார்கள், உள்ளே இருப்பது பயமாக இருக்கலாம்.

2. மரபணுக்களும் ஓரளவு பொது. மனச்சிதைவுடன் தொடர்புள்ள 287 மரபிடங்களை, அதாவது மரபணுத் தொகுப்பிலுள்ள இடங்களை, 2022-இல் வெளியான பெரிய ஆய்வு பட்டியலிட்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது, பல மற்ற மனநோய்களிலும் தலைகாட்டுகின்றன. ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தும் மற்றவருக்கு வராமல் போவது ஏறக்குறைய பாதிக்குப் பாதி, எனவே மரபணு மட்டும் விதி எழுதுவதில்லை.

3. கவலை சந்தேகத்துக்குத் தீனி போடுகிறது. இங்கேதான் ஆய்வு நேரடியாகச் சிகிச்சை ஆகிறது. ஆக்ஸ்ஃபோர்டின் டேனியல் ஃப்ரீமன் குழு 2015-இல் வெளியிட்ட சோதனையில், பிறர் தமக்குத் தீங்கு செய்யப் பார்க்கிறார்கள் என்ற பிறழ் நம்பிக்கை உள்ள 150 பேர் பங்கேற்றார்கள். ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு கவலையைக் குறைக்கும் ஆறு அமர்வுகள். அந்த நம்பிக்கை உண்மையா பொய்யா என்று வாதாடுவது நோக்கமே இல்லை. கவலைப்படும் பழக்கத்தை மட்டும் தொட்டார்கள். கவலை குறைந்தது, கூடவே பிறழ் நம்பிக்கையும் தளர்ந்தது.

4. தவிர்ப்பது இரண்டிலும் நோயைக் காக்கிறது. லிஃப்டில் ஏறாதவருக்கு லிஃப்ட் ஆபத்தில்லை என்று தெரியவே வழியில்லை. தலையைக் குனிந்துகொண்டு அவசரமாகக் கடையைவிட்டு வெளியேறுபவருக்கு, அங்கே யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று தெரிய வழியில்லை. அடி விழாமல் தப்பித்தது தான் எச்சரிக்கையாக இருந்ததால்தான் என்று இருவருமே நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்த நான்காவது புள்ளியை வைத்து அதே ஃப்ரீமன் குழு, மனச்சிதைவு வகை நோய் உள்ள 346 பேரிடம் மெய்நிகர் காட்சிச் சிகிச்சையைச் சோதித்து 2022-இல் முடிவை வெளியிட்டது. கண்ணில் கருவியை மாட்டினால் ஒரு பேருந்து, ஒரு கடை, மருத்துவரின் காத்திருப்பு அறை. பதற்றக் கோளாறுக்கென்று உருவான பயிற்சி முறைதான். எதிரே இருப்பவரின் கண்ணைப் பார், கைப்பேசிக்குள் முகத்தைப் புதைக்காதே, என்ன நடக்கிறது என்று பார். சராசரியில் பலன் மிதமாகவே இருந்தது. அதிகப் பலன் கண்டவர்கள், தொடக்கத்தில் வீட்டைவிட்டு வெளியே வரவே முடியாமல் இருந்தவர்கள்.